யூகான் கரையில் ஸ்லேவன் ரோட்ஹவுஸ்: 1932இல் எதற்கு இவ்வளவு பெரிய வீடு?

#1 கரையோரம்

அலாஸ்காவில் ஈகிள் என்ற சின்ன ஊரிலிருந்து யூகான் ஆற்றோடு ஏறக்குறைய 100 மைல் கீழே போனால், இடது கரையில் கோல் கிரீக் என்ற ஓடை வந்து கலக்கிறது. அந்த முகத்துவாரத்தில் இரண்டு மாடி மரவீடு ஒன்று நிற்கிறது. உருட்டு மரங்களை அடுக்கிக் கட்டியது. பெயர் ஸ்லேவன் ரோட்ஹவுஸ், அதாவது வழிப்போக்கர் விடுதி. அங்கிருந்து அடுத்த ஊரான சர்க்கிளுக்கு இன்னும் 60 மைல். இரண்டு ஊருக்கும் நடுவே சாலையே கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் சறுக்குவண்டி, அவ்வளவுதான்.

கட்டியவர் ஃபிராங்க் ஸ்லேவன், தங்கம் தேடி வந்தவர். 1905லேயே கோல் கிரீக்கில் இடம் பிடித்துவிட்டார். ஆனால் இந்த வீட்டைக் கட்டியது 1932இல். எனக்குப் புரியாதது இதுதான். அலாஸ்காவில் விமானத்தில் தபால் கொண்டுபோகும் சோதனை 1924லேயே நடந்துவிட்டது. கிளாண்டைக் தங்க வேட்டை முடிந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வழிப்போக்கர்களுக்குச் சோறும் படுக்கையும் விற்கும் தொழில் மங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு மனிதர் எந்த நம்பிக்கையில் இரண்டு மாடி கட்டினார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த கோடையில் நண்பர்களோடு அந்தப் பக்கம் படகில் போகும் திட்டமும் இருக்கிறது.

#2 வடக்குவாசல்

நல்ல கேள்வி நண்பரே. முதலில் ரோட்ஹவுஸ் எப்படி நடந்தது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

பெயரில் ரோடு இருந்தாலும் அங்கே சாலை என்பது பனிக்கட்டியான ஆறுதான். நாய்வண்டியில் ஒரு நாளைக்குப் போகக்கூடிய தூரம் ஏறக்குறைய 20, 25 மைல். அந்தத் தூரத்துக்கு ஒரு வீடு இல்லாவிட்டால் ஆள் செத்துப்போவான். மைனஸ் 40க்குக் கீழே இறங்குவது அங்கே பெரிய செய்தி இல்லை. உள்ளே ஒரு பெரிய இரும்பு அடுப்பு, அதைச் சுற்றிக் கயிறு கட்டி ஈரக் காலுறையும் கையுறையும் காயும். சாப்பாட்டுக்கு மான் இறைச்சி, பீன்ஸ், ரொட்டி. வெளியே நாய்களுக்குக் காய்ந்த சால்மன். நாய்க்குத் தீனி இல்லாத ரோட்ஹவுஸில் யாரும் தங்க மாட்டார்கள்.

முக்கியமான வாடிக்கையாளர் தபால்காரர். ஈகிளுக்கும் சர்க்கிளுக்கும் இடையே பல வருடம் தபால் ஓட்டியவர் எட் பீடர்மேன், பொஹீமியாவிலிருந்து வந்தவர். 160 மைலை ஆறு நாளில் கடப்பார். எந்த ரோட்ஹவுஸிலும் தபால்காரருக்குத்தான் மேசையில் நல்ல இடம், நல்ல படுக்கை. ஏனென்றால் பனியில் பாதை வெட்டிக் கொடுப்பவர் அவர். அவர் வண்டி போன தடத்தில்தான் மற்றவர்கள் போவார்கள்.

உறைந்த ஆற்றின் பனிக்கட்டிக்கு மேல் தண்ணீர் பொங்கி வரும் இடங்கள் உண்டு. மேலே பார்த்தால் வெறும் பனி, காலை வைத்தால் முழங்கால் வரை தண்ணீர். பீடர்மேன் அப்படி ஒருமுறை மாட்டிக்கொண்டார். இரண்டு பாதங்களிலும் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு அப்புறம் மகன்கள் ஓட்டினார்கள். 1938இல் அந்தத் தபால் ஒப்பந்தம் விமானத்துக்குப் போனது. அவர்களுடைய சறுக்குவண்டி இப்போது வாஷிங்டனில் தேசியத் தபால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆக ஸ்லேவன் வீடு கட்டிய 1932இல் தபால் நாய்வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தது. 1924 சோதனை ஃபேர்பேங்க்ஸிலிருந்து மெக்ராத்துக்கு, அதுவும் சில தடவை பறந்ததோடு நின்றுபோனது. அதை வைத்து யூகான் கரையில் இருப்பவர் தொழிலை மூடியிருக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா?

#3 சுத்தியல்

சிம்பிளான விஷயத்தைச் சுற்றி வளைக்கிறீர்கள். தங்கத்தின் விலை ஏறியது, கட்டினார். அமெரிக்க அரசு அவுன்சுக்கு 20.67 டாலராக இருந்ததை 35 டாலர் ஆக்கியது. ஒரே நாளில் 70 சதவீதம் ஏறினால் எவன்தான் மாடி கட்ட மாட்டான்?

#4 வடக்குவாசல்

விலை ஏறியது 1934 ஜனவரியில் சார். வீடு 1932. ஸ்லேவனுக்கு ஜோசியம் தெரிந்திருந்தால் ஒழிய உங்கள் கணக்கு உதைக்கிறது.

#5 சுத்தியல்

சரி, தேதி இடிக்கிறது. ஆனால் தங்கத்தை விட்டுவிட முடியாது. 1930க்கு அப்புறம் பொருளாதார மந்தம். மற்ற எல்லாப் பொருளின் விலையும் விழுந்தபோது தங்கத்தின் விலை மட்டும் அரசு நிர்ணயத்தில் அசையாமல் நின்றது. அதாவது விலை ஏறுவதற்கு முன்னாலேயே ஒரு அவுன்ஸ் தங்கத்துக்குக் கிடைக்கும் மாவும் பன்றிக்கொழுப்பும் கூடிவிட்டது. ஊரில் வேலையில்லாதவன் ஓடைக்குப் போவான். போகிறவனுக்குப் படுக்கை வேண்டும்.

#6 மரத்தச்சன்

பொருளாதாரம் எனக்கு ஓடாது. மரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தப் பகுதியில் கட்டுமானத்துக்கு ஆகும் மரம் வெள்ளை ஸ்ப்ரூஸ்தான். ஆற்றங்கரை வண்டலில் நேராக வளரும். குளிரில் மெதுவாக வளர்வதால் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்கும், மரம் கெட்டி. கட்டைகளை மூலையில் குடைந்து ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார வைப்பார்கள். இடுக்கில் பாசியை அடைப்பார்கள். ஆணி குறைவு. மரம் காயக் காயச் சுருங்கிச் சுவர் கீழே இறங்கும். அதனால் நல்ல கொத்தனோ தச்சனோ, ஜன்னல் சட்டத்துக்கு மேல் இடைவெளி விட்டு வைப்பான்.

ஒரு மாடி வீட்டுக்கு இரண்டு ஆள் போதும். இரண்டாவது மாடிக்கு ஒவ்வொரு கட்டையையும் சரிவுச் சட்டத்தில் உருட்டி மேலே ஏற்ற வேண்டும். அந்த உழைப்பைச் சும்மா ஒருவர் போட மாட்டார். கூட்டம் வரும் என்று எதிர்பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்.

இந்த வகை வீட்டுக்கு எமன் மேலே இல்லை, கீழே இருக்கிறான். மண்ணைத் தொடும் அடிக்கட்டை முதலில் உளுத்துப்போகும். நிலம் நிரந்தர உறைபனி என்றால் இன்னொரு கூத்து: வீட்டுச் சூட்டில் அடியில் உள்ள பனி உருகி, வீடு ஒரு பக்கமாகச் சாயும். கனடா பக்கம் டாசன் ஊரில் ஒரு தெருவில் பழைய கடைகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்பதைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள்.

ஸ்லேவன் வீட்டை தேசியப் பூங்கா சேவை 1990களில் சீரமைத்தது. இங்கே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அடிக்கட்டை மாற்றி, கூரை மாற்றி, தரை மாற்றிய வீட்டைப் பழைய வீடு என்று எந்த அளவுக்குச் சொல்லலாம்?

#7 கூழாங்கல்

மரத்தச்சன் அண்ணே, அப்படிப் பார்த்தால் ஜப்பானில் ஈசே கோயிலை இருபது வருடத்துக்கு ஒருமுறை புதிதாகவே கட்டுகிறார்கள். அதைப் பழைய கோயில் இல்லை என்பீர்களா?

#8 மரத்தச்சன்

அது சடங்கு தம்பி. பிரித்துக் கட்டுவதே அந்தக் கோயிலின் வழக்கம். இது பராமரிப்பு. எனக்குச் சீரமைத்ததில் குறை இல்லை, எந்தக் கட்டை எந்த வருடத்தது என்று வருகிறவனுக்குத் தெரிய வேண்டும் என்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் பக்கத்திலேயே இருக்கிறது. கோல் கிரீக்குக்குக் கீழே உட்சாப்பர் கிரீக்கில் இதைவிடப் பழைய ரோட்ஹவுஸ், அதுவும் இரண்டு மாடி. யாரும் கைவைக்காமல் விட்டதில் கூரை விழுந்து பாழாகிவிட்டது. "கலப்படமில்லாத" பழமை வேண்டுமென்றால் அதுதான் கிடைக்கும்.

#9 நீலாம்பரி

எல்லோரும் 1898 தங்க வேட்டைக்கு அப்புறம்தான் அந்த ஆற்றில் மனிதர்கள் வந்தது மாதிரி பேசுகிறீர்கள். அது ஹான் மக்களின் ஆறு. அந்த மண்ணின் பூர்வகுடிகளான அதபாஸ்கன் இனத்தில் ஒரு பிரிவு. ஈகிளுக்குப் பக்கத்திலுள்ள கிராமம் அவர்களுடையது. ரோட்ஹவுஸ் இல்லாமலேயே அந்தக் குளிரில் பல தலைமுறை பயணம் செய்தவர்கள். எங்கே தங்கலாம், எங்கே பனி மெலிசு, எந்த மாதம் எந்த மீன் ஏறும் என்பதெல்லாம் அவர்களிடமிருந்து வந்தவை. தபால்கார பீடர்மேனின் மனைவி பெல்லாவும் அதபாஸ்கன்தான். வண்டியோட்டிய மகன்கள் அவர் பிள்ளைகள்.

வடக்குவாசல் சொன்ன காய்ந்த சால்மனை இன்னும் கொஞ்சம் பாருங்கள். ஒரு நாய்க்கூட்டத்தைக் குளிர்காலம் முழுக்க வைத்திருக்க எவ்வளவு மீன் வேண்டும்! கோடை முழுக்கக் குடும்பமே ஆற்றங்கரை முகாமில் உட்கார்ந்து மீன் கீறி, காயவைத்து, மூட்டை கட்டினால்தான் தபால் போகும். ரோட்ஹவுஸ் சுவருக்குள் மட்டும் அந்தப் பொருளாதாரம் இல்லை. மீன் முகாமில் வேலை செய்த பெண்களின் கையில் பாதி இருந்தது. அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

இன்றைக்கு நிலைமை என்ன தெரியுமா? யூகானில் சினூக் சால்மன் அடியோடு குறைந்துபோய், 2024இல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து ஏழு வருடம் பிடிக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டன. ஆற்றங்கரையில் மீன் முகாம்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. மரவீட்டைக் காப்பாற்றியாயிற்று என்று சந்தோஷப்படும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

#10 கரையோரம்

நீலாம்பரி அக்கா, இந்தக் கோணம் என் மனதில் வரவே இல்லை. நன்றி.

#1இல் கேட்டதற்குத் திரும்புகிறேன். இப்போது எனக்குத் தோன்றுவது: ஸ்லேவன் வழிப்போக்கரை மட்டும் நம்பிக் கட்டவில்லை. வீடு நிற்கும் இடத்தைப் பாருங்கள். ஆறு ஒரு பக்கம், ஓடை ஒரு பக்கம். நீராவிப் படகு சாமானை இறக்கும் கரை அதுதான். ஓடைக்கு மேலே போகும் எந்தச் சாமானும், ஆளும், அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். 27 வருடம் அந்த ஓடையில் மண்ணைக் கழுவியவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

#11 சுத்தியல்

இதைத்தான் நானும் சொன்னேன், கொஞ்சம் கரடுமுரடாக.

இனி நடந்ததைக் கேளுங்கள். கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த பணக்காரர், செனட்டர், ஜெனரல் மெக்ரே. அவர் எர்னஸ்ட் பாட்டி என்ற சுரங்கப் பேராசிரியரை வேலைக்கு எடுத்தார். பாட்டி அலாஸ்காவின் சுரங்கக் கல்லூரியில் இருந்தவர், பிற்காலத்தில் அலாஸ்கா பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். இவர்கள் கோல் கிரீக்கில் நிலங்களை வாங்கி, 1936இல் ஒரு ட்ரெட்ஜை இறக்கினார்கள். அதாவது மிதக்கும் தூர்வாரும் இயந்திரம்.

அது வந்த வழி இருக்கிறதே, அதுவே ஒரு கதை. பாகம் பாகமாகக் கப்பலில் ஸ்காக்வே. அங்கிருந்து வைட் பாஸ் மலை ரயிலில் வைட்ஹார்ஸ். அப்புறம் துடுப்புச்சக்கரப் படகில் யூகானோடு கோல் கிரீக் முகத்துவாரம், அதாவது ஸ்லேவன் வாசல். அங்கிருந்து டிராக்டரில் இழுத்துக்கொண்டு மேலே.

வேலை செய்யும் விதம் இப்படி. இயந்திரம் தனக்கான குளத்தைத் தானே தோண்டி அதில் மிதக்கும். முன்பக்கம் சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகள் சரளையை அள்ளி வரும். உள்ளே சுழலும் சல்லடை உருளை பெரிய கல்லைப் பிரிக்கும். நுண்மண் பாதரசம் போட்ட தொட்டிச்சரிவில் ஓடும், தங்கம் பாதரசத்தில் ஒட்டும். வேண்டாத கல்லைப் பின்பக்கம் துப்பிவிட்டு முன்னேறும். உறைந்த மண்ணை வாளி அள்ளாது. அதனால் முன்கூட்டியே குழாய்களை இறக்கிக் குளிர்ந்த தண்ணீரைப் பாய்ச்சி நிலத்தை இளக்குவார்கள். குளிர்ந்த தண்ணீரே போதும், பனிக்கட்டியைவிட அது சூடுதானே! தொழிலாளர் குடில்களை எல்லாம் சறுக்குக்கட்டைகள் மேல் கட்டினார்கள். ட்ரெட்ஜ் நகர நகர ஊரும் நகரும்.

#12 நீலாம்பரி

அந்தப் பாதரசத்தைப் பிற்காலத்தில் பூங்காக்காரர்கள் மண்ணிலிருந்து சுத்தம் செய்ய வேண்டியிருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#13 சுத்தியல்

சேர்த்துக்கொண்டேன் மேடம்.

#14 பனிப்பயல்

தாமதமாக வருகிறேன். லியன் கிரேன் கதையை யாரும் சொல்லவில்லையே!

1943 டிசம்பர் 21. ஃபேர்பேங்க்ஸ் லாட் ஃபீல்டிலிருந்து சோதனைக்குப் பறந்த பி-24 குண்டுவீச்சு விமானம், சார்லி ஆற்றின் மேல்பகுதியில் விழுந்தது. அந்தச் சார்லி ஆறு ஸ்லேவன் வீட்டுக்கு மேலே யூகானில் கலக்கிறது. ஐந்து பேரில் உயிரோடு திரும்பியவர் கிரேன் மட்டும். ஃபிலடெல்ஃபியாக்காரர், காட்டு அனுபவம் கிடையாது. கையுறைகூட இல்லை. அப்பா எழுதிய கடிதத்தைக் கொளுத்தித்தான் முதல் தீயை மூட்டினார்.

பல நாள் பட்டினிக்கு அப்புறம் ஆற்றோரம் ஒரு குடிசை. உள்ளே சாப்பாட்டுச் சாமான், துப்பாக்கி, துணி. அதைக் கட்டிவைத்தவர் ஃபில் பெரைல், இந்தப் பக்கத்துச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். காட்டுக் குடிசையைப் பூட்டாமல், விறகும் சாப்பாடும் வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். அதுதான் கிரேனைப் பிழைக்க வைத்தது. 84 நாள் கழித்து மார்ச் மாதம் ஆள் நடமாட்டம் உள்ள குடிசைக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து உட்சாப்பர் முகாம், அப்புறம் விமானத்தில் ஃபேர்பேங்க்ஸ்.

ரோட்ஹவுஸில் காசுக்குப் படுக்கை, குடிசையில் காசில்லாமல் உயிர். இரண்டும் ஒரே ஆற்றங்கரையில் ஒரே ஆட்கள் வைத்திருந்த ஏற்பாடுதான் என்பது என் கருத்து.

#15 வடக்குவாசல்

அருமை. இன்னொரு ரோட்ஹவுஸையும் சொல்லிவிடுகிறேன், ஒப்பீட்டுக்கு. தனனா ஆற்றங்கரையில் பிக் டெல்டாவில் ரிகாவின் ரோட்ஹவுஸ். ரிகா வாலன் ஸ்வீடனில் பிறந்தவர். 1917இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். முதலாளி ஜான் ஹஜ்டுகோவிச், மாண்டினீக்ரோக்காரர், வியாபாரத்துக்கும் வேட்டைக்குமாக எப்போதும் வெளியே சுற்றிக்கொண்டிருப்பவர். கடைசியில் சம்பள பாக்கிக்கு ஈடாக வீடே ரிகா பெயருக்கு வந்ததாகச் சொல்வார்கள். ஆடு, மாடு, கோழி, தோட்டம் என்று வைத்துப் பல வருடம் நடத்தினார்.

அங்கே வால்டெஸ் – ஃபேர்பேங்க்ஸ் பாதை ஆற்றைக் கடக்கும் பரிசல்துறை இருந்தது. பரிசலுக்குக் காத்திருக்கிறவன் எல்லோரும் வாடிக்கையாளன். இரண்டாம் உலகப் போர் காலத்தில் பாலம் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. ஸ்லேவன் பக்கம் இன்றுவரை பாலமும் வரவில்லை, சாலையும் வரவில்லை. அதனால்தான் அந்த வீட்டுக்கு இப்போதும் வழக்கமான வேலை இருக்கிறது.

#16 பனிப்பயல்

யூகான் குவெஸ்ட் நாய்வண்டிப் போட்டியைச் சொல்கிறீர்களா? 1984இல் ஆரம்பித்தது. ஃபேர்பேங்க்ஸுக்கும் வைட்ஹார்ஸுக்கும் நடுவே 1000 மைல், நடு குளிர்காலத்தில். ஸ்லேவன் வீட்டில்தான் களைத்த நாய்களை இறக்கிவிடுவார்கள், ஓட்டுகிறவர்களும் கொஞ்சம் கண்ணை மூடுவார்கள். பழைய தபால் தடம், பழைய வீடு, அதே வேலை! 2020க்குப் பிறகு முழு நீளப் போட்டி நடக்கவில்லை என்பது வருத்தம்.

#17 கூழாங்கல்

கரையோரம், பயணத் திட்டம் என்றீர்களே. அங்கே தங்க முன்பதிவு எப்படி? வாடகை எவ்வளவு?

#18 வடக்குவாசல்

வாடகையும் இல்லை, முன்பதிவும் இல்லை. அது யூகான்–சார்லி ரிவர்ஸ் தேசியப் பாதுகாப்பகத்தின் பொதுக் குடில். முதலில் வருகிறவருக்கு இடம். அடுத்து யாராவது வந்தால் நகர்ந்து உட்கார வேண்டும், அதுதான் பழக்கம்.

ஈகிளுக்கு டெய்லர் நெடுஞ்சாலை வழியாகப் போகலாம், குளிர்காலத்தில் அது மூடியிருக்கும். சர்க்கிளில் கரையேறினால் ஸ்டீஸ் நெடுஞ்சாலையில் ஃபேர்பேங்க்ஸ். நடுவே ஆற்றில் ஐந்தாறு நாள். மே மாதம் பனி உடையும்போது அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள். 2009இல் உடைந்த பனிப்பாளங்கள் ஈகிள் கிராமத்தையே இடித்துத் தள்ளின. ஜூன் பாதிக்கு மேல் நல்லது. ஆற்றுத் தண்ணீர் வண்டல் கலங்கியது, படகின் அடியில் வண்டல் உரசும் சத்தம்கூடக் கேட்கும். குடிக்கப் பக்கத்து ஓடைகளில் பிடித்துக் காய்ச்சிக்கொள்ளுங்கள். கொசு வலை, கரடி விரட்டும் ஸ்பிரே இரண்டும் கட்டாயம். போன் சிக்னல் கிடையாது.

வீட்டிலிருந்து ஒரு மைல் நடந்தால் ட்ரெட்ஜ் இன்னும் அப்படியே நிற்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

#19 கரையோரம்

ஜூன் கடைசி வாரம் என்று முடிவு செய்திருக்கிறோம். போய்விட்டு வந்து இதே இழையில் எழுதுகிறேன்.

#20 மரத்தச்சன்

போனால் எனக்கொரு உதவி. ஆற்றைப் பார்த்த பக்கம் வேண்டாம், எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். பின்மூலையில் தரையிலிருந்து மூன்றாவது, நான்காவது கட்டை வரை கிட்டப் போய் எடுத்துப் போடுங்கள், கோடரி வெட்டும் ரம்ப வெட்டும் தெரிகிற மாதிரி. பக்கவாட்டு வெளிச்சம் விழும் நேரமாகப் பாருங்கள், ஜூனில் அங்கே நடு ராத்திரிகூட வெளிச்சம்தான். எது பழசு, எது மாற்றியது என்று நான் சொல்கிறேன்.